பச்சை வந்தால் முன்னிலை: சின்னப் பிள்ளைகளோடு குளிர்கால ஒலிம்பிக் பார்க்க ஒரு வழிகாட்டி

2026 பிப்ரவரி 6 முதல் 22 வரை இத்தாலியில் குளிர்கால ஒலிம்பிக் நடக்கிறது. மிலான் நகரமும் ஆல்ப்ஸ் மலையிலுள்ள கோர்டினாவும் சேர்ந்து நடத்துகின்றன. மொத்தம் 116 பதக்கப் போட்டிகள். இவற்றில் பாதியை நம்மில் பலரே பார்த்திருக்க மாட்டோம். நமக்கே விதி தெரியாதபோது நாலு வயதுப் பிள்ளையையும் ஏழு வயதுப் பிள்ளையையும் எப்படி உட்காரவைத்துக் காட்டுவது என்று தயங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விதி தெரியாதது ஒரு தடையே இல்லை. சின்னப் பிள்ளைக்கு வேண்டியது, தன் கண்ணால் பார்த்தே பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வி. ஒவ்வொரு விளையாட்டுக்கும் அப்படி ஒரு கேள்வியைக் கைவசம் வைத்திருங்கள். சறுக்கி ஓடிவந்து துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடும் பயத்லான் விளையாட்டில் "கறுப்புப் புள்ளி எத்தனை வெள்ளையாச்சு?" என்று கேட்டுப் பாருங்கள், எண்ணத் தெரிந்த எந்தப் பிள்ளையும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காது. விளையாட்டின் வரலாற்றிலிருந்து தொடங்கினால் இரண்டே நிமிடத்தில் எழுந்து ஓடிவிடும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது எல்லாமே அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

முதலில் நேரத்தைப் பாருங்கள்

இத்தாலி நேரம் இந்திய, இலங்கை நேரத்துக்கு நாலரை மணி பின்னால். அங்கே காலை 10 என்றால் இங்கே பிற்பகல் 2:30. மலைச்சரிவுப் போட்டிகள் பெரும்பாலும் அங்கே முற்பகலில் நடக்கும் என்பதால் பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரத்துக்குச் சரியாக அமையும். சிங்கப்பூர், மலேசியாவில் ஏழு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே அது மாலை. டொராண்டோவில் ஆறு மணி நேரம் குறைப்பதால் விடியற்காலை ஆகிவிடும், பதிவைத்தான் நம்ப வேண்டும். பதிவு பார்ப்பதில் குறை ஒன்றும் இல்லை. முடிவு யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும், பிள்ளைக்கு அது நேரலைதான்.

தொடக்க விழா மிலானின் சான் சீரோ அரங்கில் இரவு எட்டு மணிக்கு. நமக்கு அது நள்ளிரவு தாண்டி 12:30. தூங்கவிடுங்கள். மறுநாள் சனிக்கிழமை காலையில் நாடுகளின் அணிவகுப்பை மட்டும் ஓட்டிக் காட்டலாம். கிரீஸ் முதலில் வரும், நடத்தும் நாடு கடைசியில் வரும்.

உங்கள் நாட்டில் ஒளிபரப்பு எந்தத் தொலைக்காட்சியில், எந்தச் செயலியில் என்பதை முன்கூட்டியே பார்த்துவையுங்கள். அன்றன்றைய அட்டவணை ஒலிம்பிக்கின் அதிகாரபூர்வத் தளத்தில் கிடைக்கும். ஒரு நாளைக்கு ஒரு விளையாட்டு, இருபது நிமிடம், அதற்கு மேல் திட்டமிட வேண்டாம். பிள்ளை இன்னும் வேண்டும் என்று கேட்டால் அது வேறு விஷயம்.

ஒரு வாரம் முன்பு செய்ய வேண்டியவை

ஒரு பெரிய சார்ட் பேப்பர் வாங்கி இத்தாலியின் பூட்ஸ் வடிவத்தை வரைந்து சுவரில் ஒட்டுங்கள். போட்டிகள் எல்லாம் வடக்குப் பகுதியில்தான், ஆனால் ஒரே ஊரில் இல்லை. மிலானில் ஸ்கேட்டிங்கும் ஐஸ் ஹாக்கியும். கோர்டினாவில் கர்லிங் (பனிக்கட்டியில் கல்லைச் சறுக்கிவிட்டு வட்டத்தின் நடுவுக்குப் பக்கத்தில் நிறுத்தும் ஆட்டம்), பெண்கள் பனிச்சறுக்கு, சறுக்குவண்டிகள். போர்மியோவில் ஆண்கள் பனிச்சறுக்கு. லிவின்யோவில் ஒரே பலகைமேல் நின்று சறுக்கும் ஸ்னோபோர்ட். பிரெதாட்ஸோவில் ஸ்கீ தாண்டல், அதாவது இரு கால்களிலும் ஸ்கீ என்னும் நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு பறந்து தூரம் தாண்டுவது. அன்டோல்ஸில் பயத்லான். அன்றைக்குப் பார்க்கும் விளையாட்டு நடக்கும் ஊரில் பிள்ளை ஒரு பொட்டு ஒட்டட்டும். இரண்டு வாரத்தில் அந்த வரைபடம் பிள்ளையின் சொத்தாகிவிடும்.

சின்னம் இன்னொரு நல்ல வாசல். டீனா, மீலோ என்று இரண்டு ஸ்டோட்கள், பார்க்கக் கீரிபோலத் தெரியும் குட்டி மலைவிலங்குகள். கோர்டினாவிலிருந்து டீனா, மிலானோவிலிருந்து மீலோ. கோடையில் பழுப்பாக இருக்கும் ஸ்டோட்டின் ரோமம் குளிர்காலத்தில் வெள்ளையாகும், அதனால்தான் ஒருத்தி வெள்ளை, ஒருவன் பழுப்பு. இந்த இரண்டையும் யோசித்தவர்கள் தெற்கு இத்தாலியின் கலாப்ரியா பகுதியைச் சேர்ந்த பள்ளிப் பிள்ளைகள். இதை உங்கள் பிள்ளையிடம் கட்டாயம் சொல்லுங்கள். பெரியவர்களின் திருவிழாவில் தன்னைப் போன்றவர்கள் செய்த ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் பார்க்கும் விதமே மாறும்.

அடுத்து, சீட்டுக் குலுக்கல். நாடுகளின் பெயரையும் கொடியையும் சின்னச் சின்னச் சீட்டுகளில் எழுதி, ஒரு டம்ளரில் போட்டு, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் மூன்று சீட்டு எடுங்கள். தாத்தா பாட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நார்வே, ஜெர்மனி, கனடா போன்ற பெரிய அணிகளை மட்டும் எழுதாமல் ஜமைக்கா, ஸ்லோவேனியா, லாட்வியா, இந்தியா எல்லாவற்றையும் எழுதுங்கள். பாட்டிக்கு ஸ்லோவேனியா வந்துவிட்டால் ஸ்கீ தாண்டல் அன்று வீட்டில் பாட்டிதான் கதாநாயகி.

கடைசியாக, ஃப்ரீசரில் ஒரு தட்டுத் தண்ணீர். உறைந்ததும் எடுத்து மேசைமேல் வைத்து, நாணயம், பட்டன், அழிப்பான், சின்ன மரத்துண்டு ஒவ்வொன்றையும் பிள்ளை சுண்டிவிட்டுப் பார்க்கட்டும். எது தூரம் போகிறது, எது நின்றுவிடுகிறது? பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர்போல அசையக்கூடிய மிக மெல்லிய அடுக்கு ஒன்று இருப்பதால்தான் அது வழுக்குகிறது. பனியையே பார்த்திராத பிள்ளைக்கு இந்தப் பத்து நிமிடம், திரையில் தெரியும் வெள்ளைப் பரப்பைக் கைக்குப் பழக்கமான பொருளாக்கிவிடும்.

எதில் தொடங்குவது?

என் பரிந்துரை பயத்லான். பெரியவர்கள் அதிகம் கவனிக்காத இந்த விளையாட்டுதான் சின்னப் பிள்ளைகளுக்கு மிகவும் பொருத்தம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதுகில் துப்பாக்கியோடு பனியில் சறுக்கி ஓடி வருவார்கள், மூச்சிரைக்க நிற்பார்கள், 50 மீட்டர் தொலைவில் இருக்கும் ஐந்து கறுப்பு வட்டங்களைச் சுடுவார்கள். குண்டு பட்டால் கறுப்பு வெள்ளையாகும். படுத்துச் சுடும்போது இலக்கின் விட்டம் 4.5 சென்டிமீட்டர், நின்று சுடும்போது 11.5 சென்டிமீட்டர். பெரும்பாலான பந்தயங்களில், தவறிய ஒவ்வொரு குண்டுக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று ஒன்று கூடுதலாக ஓட வேண்டும். முன்னால் வந்தவர் இரண்டு குண்டு தவறவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்க, பின்னால் வந்தவர் ஐந்தையும் வெள்ளையாக்கிவிட்டுப் பறந்துபோவார். பிள்ளை துள்ளிக் குதிக்கும் இடம் இதுதான்.

இடைவேளையில் அதையே வீட்டில் ஆடுங்கள். அந்த இரண்டு வட்டங்களையும் அளந்து தாளில் வரைந்து எதிர்ச் சுவரில் ஒட்டிக் காட்டுங்கள், எவ்வளவு சின்னது என்று அவர்களே வியப்பார்கள். பிறகு கூடத்தை மூன்று முறை ஓடிவந்து, சுருட்டிய காலுறை ஐந்தை வாளிக்குள் எறிய வேண்டும். விழாத ஒவ்வொன்றுக்கும் சாப்பாட்டு மேசையை ஒரு சுற்று. ஓடிய படபடப்பில் கை நடுங்குவதைப் பிள்ளை தானாகவே உணரும். அதற்குப் பிறகு திரையில் வீராங்கனை ஒருவர் மூச்சை அடக்கிக் காத்திருப்பதைப் பார்த்தால் அதற்கு விளக்கமே தேவைப்படாது.

இரண்டாவதாகச் சறுக்குவண்டிகள். கேள்வி மிக எளிது: "தலை முன்னாடியா, கால் முன்னாடியா?" மல்லாந்து படுத்துக் கால் முன்னால் போனால் லூஜ். குப்புறப் படுத்துத் தலை முன்னால் போனால் ஸ்கெலட்டன். உட்கார்ந்து போனால் பாப்ஸ்லெட். மூன்று வயதுப் பிள்ளைகூட இதைப் பிடித்துக்கொள்ளும். மணிக்கு 130 கிலோமீட்டரையும் தாண்டும் வேகம் இது. லூஜில் நேரத்தை ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள்.

இங்கே சிவா கேசவனைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. மணாலிப் பக்கம் வளர்ந்தவர். அப்பா கேரளத்துக்காரர், அம்மா இத்தாலியர். 1998இல் ஜப்பானின் நாகானோவில் 16 வயதில் லூஜ் போட்டியில் இறங்கியவர், 2018 வரை தொடர்ந்து ஆறு குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகச் சறுக்கினார். பயிற்சி செய்ய நாட்டில் பனித்தடம் இல்லாததால் வண்டிக்குச் சக்கரம் பொருத்தி இமயமலைச் சாலைகளில், லாரிகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் நடுவே இறங்கிப் பழகினார். அந்தப் பயிற்சியின் காணொளிகள் இணையத்தில் கிடைக்கின்றன. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கூடவே, "இதை நாம் செய்யக் கூடாது" என்பதையும் அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

கர்லிங் பொறுமையான விளையாட்டு. ஒரு ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும், ஆகவே முழுதாகக் காட்ட முயல வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் கடைசி நாலு கற்களை மட்டும் காட்டுங்கள். கேரம் ஆடும் வீட்டில் இது சட்டென்று புரிந்துவிடும்: எதிராளியின் காயைத் தள்ளுவது, தன் காயை மறைவில் நிறுத்துவது எல்லாம் அதே தந்திரம்தான். கேள்வி: "நடுவுக்குப் பக்கத்தில் இருப்பது சிவப்பா, மஞ்சளா?" கற்களின் கைப்பிடி நிறத்தைத்தான் கேட்கிறோம். ஒரு கல்லின் எடை 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஆறு வயதுப் பிள்ளை ஒன்றின் எடைக்கு ஏறக்குறைய சமம். ஒலிம்பிக் கற்களின் கிரானைட் ஸ்காட்லாந்துக் கடலில் இருக்கும் எய்ல்சா கிரேக் என்ற சின்னத் தீவிலிருந்து வருகிறது. போகும் கல்லுக்கு முன்னால் துடைப்பத்தால் தேய்ப்பதைப் பார்த்து "ஏன் பெருக்குகிறார்கள்?" என்று பிள்ளை நிச்சயம் கேட்கும். தேய்ப்பதால் பனிக்கட்டியின் மேல்பரப்பு லேசாகச் சூடாகி உராய்வு குறையும், கல் இன்னும் கொஞ்சம் தூரம், இன்னும் கொஞ்சம் நேராகப் போகும். கலப்பு இரட்டையர் ஆட்டங்கள் தொடக்க விழாவுக்கு முன்பே, 4ஆம் தேதியே தொடங்கிவிடுகின்றன. அவை நடக்கும் அரங்கம் 1956இல் கோர்டினா முதல்முறை நடத்திய ஒலிம்பிக்குக்காகக் கட்டியது.

ஃபிகர் ஸ்கேட்டிங்குக்குப் பெரிய அறிமுகம் தேவையில்லை. இசை, உடை, சுழற்சி, எல்லாமே பிள்ளையைத் தானாக இழுக்கும். கேள்வி மட்டும் கொடுங்கள்: "கையை மடக்கினதும் வேகம் கூடுதா, குறையுதா?" பிறகு அலுவலகச் சுழல்நாற்காலியில் பிள்ளையை உட்காரவைத்து, கையை விரிக்கச் சொல்லி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மார்போடு கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்று பிடித்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளையாக இருந்தால் ஆக்ஸல் தாவலைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்கலாம். எல்லாத் தாவல்களிலும் முன்பக்கம் பார்த்தபடி எழும்புவது அது ஒன்றுதான். அதில் நாலரைச் சுற்றுச் சுற்றும் தாவலைப் போட்டியில் முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தவர் அமெரிக்காவின் இலியா மாலினின், 2022இல்.

ஸ்கீ தாண்டலில் திரையில் ஒரு கோடு போடுவார்கள். முன்னிலை பெற எவ்வளவு தூரம் தேவை என்பதற்கான கோடு. "கோட்டைத் தாண்டினாரா?" என்ற கேள்வியே போதும். இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் ஸ்கீ மலையேற்றமும் பிள்ளைகளுக்கு ஏற்றது: ஸ்கீயோடு மேலே ஏறுவார்கள், அதைக் கழற்றி முதுகில் மாட்டிக்கொண்டு படியில் ஓடுவார்கள், மறுபடி மாட்டிச் சறுக்கி இறங்குவார்கள். விரைவுப் பந்தயம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஐஸ் ஹாக்கியை நான் கடைசியில்தான் வைப்பேன். வட்டு சின்னது, வேகமோ அதிகம், பிள்ளையின் கண் அதைத் தொடர முடியாமல் சோர்ந்துவிடும். பார்த்தே தீர வேண்டும் என்றால் கோல்காப்பாளரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

திரையைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்

எண் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் பந்தயம் புரிய ஒரு வழி இருக்கிறது. மலைச்சரிவிலும் சறுக்குத்தடத்திலும் ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்குவார்கள், யார் முன்னால் என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் திரை ஓரத்தில் இடையிடையே நேர வித்தியாசம் வரும். பச்சை என்றால் முதலிடத்தில் இருப்பவரைவிட வேகம், சிவப்பு என்றால் தாமதம். இதை ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட்டால் பிள்ளையே "பச்சை! பச்சை!" என்று உங்களுக்கு வர்ணனை செய்யும்.

வர்ணனை என்றதும் இன்னொன்று. கொஞ்ச நேரம் பார்த்தபின் ஒலியை நிறுத்திவிட்டு, ரிமோட்டை மைக்காகக் கொடுத்துப் பிள்ளையையே தமிழில் வர்ணிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னாலும் திருத்தாதீர்கள். என்ன கவனித்தது, என்ன புரியவில்லை என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வெளிவரும். அடுத்த நாள் எந்தக் கேள்வி கொடுக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல துப்பு கிடையாது.

இரவில் கதை

படுக்கப் போகும்போது ஒரு வீரரின் கதை. இரண்டு கதைகளை இங்கே சொல்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்டீவன் பிராட்பரி ஆஸ்திரேலியாக்காரர், குறுந்தட ஸ்கேட்டிங் வீரர். பயிற்சியில் கழுத்தெலும்பு முறிந்து மீண்டு வந்தவர். 2002இல் சால்ட் லேக் சிட்டியில் 1000 மீட்டர் இறுதிப் பந்தயம். ஐந்து பேரில் இவர் எல்லோருக்கும் பின்னால். கடைசி வளைவில் முன்னால் போன நாலு பேரும் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுந்துவிட்டார்கள். இவர் நிதானமாகக் கோட்டைக் கடந்தார். தெற்கு அரைக்கோளத்துக்கே அதுதான் முதல் குளிர்கால ஒலிம்பிக் தங்கம். "அதிர்ஷ்டமா?" என்று பிள்ளை கேட்டால், அது அவருடைய நாலாவது ஒலிம்பிக் என்பதையும் சொல்லுங்கள். விழாமல் நிற்பதற்கு அங்கே இருந்தாக வேண்டும் அல்லவா?

எஸ்தர் லெடெட்ஸ்கா செக் நாட்டுக்காரர். ஸ்னோபோர்டில் பேர் பெற்றவர். 2018இல் பியோங்சாங்கில் ஸ்கீ போட்டியிலும் இறங்கினார், யாரும் அவரை எதிர்பார்க்கவில்லை. மலைச்சரிவில் வேகமாக இறங்கும் சூப்பர்-ஜி பந்தயத்தில் ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்தில் முதலிடம். பலகையில் தன் நேரத்தைப் பார்த்தும் நம்பாமல் அப்படியே நின்றார். ஒரு வாரம் கழித்து ஸ்னோபோர்டிலும் தங்கம் வென்றார்.

இந்தியப் பிள்ளைகளுக்கு ஆரிஃப் கானையும் சொல்லலாம். காஷ்மீரின் குல்மார்க் சரிவுகளில் சறுக்கக் கற்றவர். 2022 பெய்ஜிங்கில் இந்தியாவின் சார்பில் களமிறங்கியது அவர் ஒருவர்தான். கொடியையும் அவரே ஏந்தி வந்தார்.

விழும்போது

சறுக்கி விழுவது இந்த விளையாட்டுகளில் சகஜம். சில விழுதல்கள் பார்க்கவே பயமாக இருக்கும், அதையே நாலு கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டவும் செய்வார்கள். பிள்ளை முகம் மாறினால் உடனே திரையை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். தலைக்கவசம் எதற்கு, சரிவின் ஓரத்தில் கட்டியிருக்கும் வலை எதற்கு, மருத்துவர்கள் எங்கே காத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். "ஒண்ணும் ஆகலை" என்று பொய் சொல்ல வேண்டாம். அடிபட்டவர் எப்படி இருக்கிறார் என்பதை மறுநாள் செய்தியில் தேடிப் பார்த்துச் சொன்னால் பிள்ளைக்கு நிம்மதி வரும். மிகவும் பயப்படும் பிள்ளைக்கு, மலைச்சரிவில் அதிவேகமாக இறங்கும் டவுன்ஹில் பந்தயத்தை நேரலையில் காட்டாமல், நீங்கள் முதலில் பார்த்துவிட்டுத் தேர்ந்த பகுதியைக் காட்டுவது நல்லது.

அழும் வீரர்களைப் பார்த்தும் பிள்ளைகள் கலங்குவார்கள். ஸ்கேட்டிங்கில் மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கும் இருக்கையில் கேமரா முகத்துக்கு மிக அருகில் நிற்கும். "ஏன் அழறாங்க?" என்ற கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லாமல், "உனக்கு என்ன தோணுது?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.

பதக்கப் பட்டியல் வேண்டாம்

எந்த நாடு எத்தனை தங்கம் என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டாதீர்கள். சீட்டில் வந்த நாடு ஜெயிக்கவில்லை என்று இரண்டாம் நாளே அழுகை தொடங்கிவிடும், பிறகு பார்க்கும் ஆசையே போய்விடும். அதற்குப் பதிலாக, அன்றைக்கு யாரைப் பிடித்தது என்று ஒரு படம் வரையட்டும். குளிர்கால ஒலிம்பிக் வரலாற்றிலேயே அதிகப் பதக்கம் வென்ற நாடு நார்வே. அங்கே சிறுவர் விளையாட்டில் பதினொரு வயதுக்கு முன் தரவரிசைப் பட்டியல் போடக் கூடாது என்று விதியே உண்டு. நம் வரவேற்பறையில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது எதற்கு?

மார்ச்சில் இன்னொன்று

22ஆம் தேதியோடு முடித்துவிட வேண்டாம். மார்ச் 6 முதல் 15 வரை குளிர்கால பாராலிம்பிக் அதே வட இத்தாலியில் நடக்கிறது. அதன் சின்னம் மீலோ, ஒரு கால் இல்லாமல் பிறந்து, வாலை ஊன்றிச் சமாளிப்பவன். பிப்ரவரியில் பழகிய விளையாட்டுகளே வேறு விதமாக வரும் என்பதால் பிள்ளைகள் இதை இன்னும் கூர்ந்து பார்ப்பார்கள். பார்வையற்றவர்கள் பயத்லானில் காதால் குறிபார்க்கிறார்கள்: துப்பாக்கி இலக்கின் நடுவை நெருங்க நெருங்கக் காதில் கேட்கும் ஒலியின் சுருதி உயரும். பனிச்சரிவில் அவர்களுக்கு முன்னால் ஒரு வழிகாட்டி சறுக்கிக்கொண்டே பேசி வழிசொல்லுவார். இதையும் ஆடிப் பார்க்கலாம். பிள்ளையின் கண்ணைக் கட்டிவிட்டு, கை வாளியின் பக்கம் நெருங்க நெருங்க நீங்கள் "ஊ" என்று சுருதி கூட்டுங்கள், காலுறையை எறியட்டும்.

சக்கரநாற்காலி கர்லிங் பார்க்கும்போது மட்டும் நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம். அங்கே யாரும் பெருக்க மாட்டார்கள், கல்லை விட்ட பிறகு அதன் போக்கை மாற்ற வழியே இல்லை. துடைப்பம் எங்கே போச்சு என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்து உங்களைக் கேட்கும். அதுவரை வாயைத் திறக்காதீர்கள்.